ஊரில எவடம் எண்டு கேட்டது

நான் பயந்த பிறவி. இதை முதல்லயே சொல்லிப்போடுறன், பிறகு ஆரும் என்னைத் தைரியசாலி எண்டு நினைச்சு ஏமாறக்கூடாது. பயம் வந்தால் எனக்குக் கோவம் வரும், கோவம் வந்தால் வாய் நீளும். அந்த வாயால என்ர தம்பிக்கு என்ன நடந்தது எண்டதைத்தான் இதில எழுதப்போறன்.

எழுத முந்தி லோயரிட்டக் கேட்டனான். ஜூரிமார் தங்கட அறைக்குள்ள என்ன கதைச்சவை எண்டதை இந்த நாட்டில ஆரும் வெளியில சொல்ல ஏலாது, சொன்னால் மறியல், சிறைதான். ஆனபடியால் பகிரங்கமாக் கோர்ட்டில வாசிச்சதையும் என்ர கண்ணால கண்டதையும் மட்டும்தான் எழுதுறன். அதிலயும் ஒவ்வொரு வரியையும் எழுதி எழுதி வெட்டுறன். எல்லாம் முடிஞ்சு இவ்வளவு காலத்துக்குப் பிறகும் வெட்டுறன்.

தம்பி எனக்கு எட்டு வயது இளமை. மோர்டனில ஒரு சின்னக் கடையில வேலை செய்தவன். காலமை ஆறரைக்கு ஷட்டர் திறக்கிறது அவன்தான். ஷட்டரை மேல இழுக்க ஒரு நீட்டுக் கம்பி இருக்கும், நுனியில கொழுக்கி வைச்சது. ஒரு நாள் காலமை அவன் அந்தக் கம்பியும் கையுமா நிக்கேக்க, முதல் நாள் குடிவெறியோட வந்து சாராயப் போத்தில் கேட்டு இவன் குடுக்க மறுத்த ஒரு ஆள் திரும்ப வந்து சண்டை பிடிச்சிருக்கிறார். தள்ளுமுள்ளில அந்த ஆள் விழுந்து மண்டை உடைஞ்சுபோச்சு. கன நாள் ஆஸ்பத்திரியில கிடந்தவர், பாவம். கழுத்தைப் பிடிச்சவரைத் தள்ளினன், கம்பியால அடிக்கேல்லை எண்டு தம்பி சொன்னான். கம்பியால அடிச்சவன் எண்டு பொலிஸ் சொன்னது. கடைக் கமராவில ரெண்டு பேற்ற காலும்தான் விழுந்திருந்தது.

நான் அங்க நிக்கேல்லை. தம்பி கோவக்காரன்தான், எங்கட வீட்டில ஆருக்குத்தான் கோவமில்லை. எண்டாலும் அவனுக்குப் பொய் சொல்ல வராது. பொய் சொன்னால் காது சிவந்துபோகும், சின்னனில இருந்து எனக்குத் தெரியும். கோர்ட்டில அவன் சாட்சி சொல்லேக்க எல்லாரும் அவன்ர முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க, நான் காதைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தனான். சிவக்கேல்லை.

கோர்ட், நகரத்துக்கு நடுவால ஓடுற ஆற்றுக்குத் தெற்குப் பக்கம். முதல் நாள் ஜூரிமார் பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராக் கூப்பிட்டு சத்தியம் செய்விச்சவை. நானும் தம்பியின்ர மனுசியும், அதுதான் மச்சாளும், பார்க்க வாற ஆக்களுக்குரிய வாங்கில குந்திக்கொண்டு இருந்தம். ஒன்பதாவதா எழும்பினவ ஒரு தமிழ் மனுசி. நாப்பத்தைஞ்சு வயது இருக்கும். சாம்பல் கோட்டு, கழுத்தில மெல்லிய சங்கிலியில ஒரு சிலுவை. வேதப் புத்தகத்தைப் பிடிச்சுக்கொண்டு சத்தியத்தை வாசிச்சவ. மச்சாள் என்ர துடையைக் கிள்ளினா. "மச்சாள், எங்கட ஆள்."

அந்த ஒரு முகத்தைக் கண்டதில எங்களுக்கு வந்த உயிரை என்னெண்டு சொல்ல. தம்பியை இந்த ஊர்ச் சனம் ஒரு கறுப்பன் கம்பியோட நிண்டான் எண்டுதான் பார்க்கும் எண்டு நாங்கள் பயந்துகொண்டு இருந்தனாங்கள். இப்ப ஒரு ஆளாவது மனுசனாப் பார்ப்பா எண்டு நினைச்சம். அதால என்ன செய்தம் எண்டால், நாலு நாளும் காலமை தொடக்கம் பின்னேரம் மட்டும் அவவையே பார்த்துக்கொண்டு இருந்தம். ஒருக்கா எண்டாலும் எங்கட பக்கம் திரும்பமாட்டாவோ, ஒரு சின்னச் சிரிப்புச் சிரிக்கமாட்டாவோ எண்டு. அவ திரும்பவே இல்லை. "நல்ல இறுக்கம்தான் இவ" எண்டு நான் மச்சாளிட்டக் குறை வேற சொன்னனான். எங்கட பார்வையே அவவுக்குப் பாரமா இருந்திருக்கும் எண்டு எனக்கு அப்ப விளங்கேல்லை.

ஐஞ்சாம் நாள் காலமை மச்சாள் மகளைப் பள்ளிக்கூடத்தில விட்டுப்போட்டு வாறன் எண்டவ. நான் தனிய டூட்டிங்கில ரெண்டு தட்டு பஸ் ஒண்டில ஏறினன். கார்ட்டைத் தட்டிப்போட்டு நிமிர்ந்து பார்க்கிறன், அவ. கீழ்த் தட்டில, ஜன்னல் கரையில. பக்கத்தில ஒரு சீற் காலியாக் கிடக்குது.

ஜூரியோட ஆரும் கதைக்கக்கூடாது எண்டு கோர்ட் வாசலில பெரிய எழுத்தில ஒட்டியிருந்தது. நாலு நாளும் அதை வாசிச்சுப்போட்டுத்தான் நான் உள்ள போனனான். அண்டைக்கு நான் மேல் தட்டுக்குப் போயிருக்கலாம். நிண்டுகொண்டு போயிருக்கலாம். இறங்கி அடுத்த பஸ்ஸைப் பிடிச்சிருக்கலாம். நான் போய்ப் பக்கத்தில இருந்தன்.

இருந்தால் வாய் சும்மா இருக்குமோ? எங்கட சனத்துக்கு, எந்த ஊர் ஆள் எண்டு கேக்கிற அந்தக் கேள்வி மூச்சு விடுறமாதிரி. ஆஸ்பத்திரியில ஊசி போட வாற நேர்ஸ் தமிழ் எண்டால் நோவை மறந்துபோட்டு முதல் அதைத்தான் கேப்பம். செத்தவீட்டில அழுதுகொண்டிருக்கிற ஆளிட்டயும் கேப்பம். நான் அவவின்ர பக்கம் திரும்பிச் சிரிச்சு, "ஊரில எவடம்?" எண்டு கேட்டன்.

அவவின்ர முகம் செத்துப்போச்சு. அப்பிடி முகத்தை நான் முந்தியும் கண்டிருக்கிறன், ஊரில ஆமிக்காரர் மறிச்சுச் சோதிக்கிற சென்றியில, அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வரிசையில நிக்கிற சனத்தில. அங்கயும் இதே கேள்வியைத்தான் கேப்பாங்கள்.

"மன்னார்" எண்டா. வாய் தன்ர பாட்டில சொன்னமாதிரி இருந்தது. சொன்ன உடன கைப்பையை எடுத்து நெஞ்சோட அணைச்சுக்கொண்டு எழும்பினா. "அக்கா, என்னோட கதையாதேங்கோ" எண்டா. அவ்வளவும்தான். மணியை அடிச்சு, கோர்ட்டுக்கு ரெண்டு தரிப்பு முந்தியே இறங்கிப்போட்டா.

அந்த நேரம் மேல் தட்டுப் படியில ஒரு ஆள் நிண்டார். வெள்ளைக்காரர், அறுபதுக்குக் கிட்ட, தோளில ஒரு பச்சைப் பை. அவர் இறங்கிப் போற அவவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எங்கயோ கண்ட முகம் எண்டு எனக்கு இருந்தது, ஆனால் பிடிபடேல்லை. கோர்ட்டுக்குள்ள ஜூரிமார் வரிசையா வந்து இருக்கேக்கதான் பிடிபட்டது. முன் வரிசை, ரெண்டாவது கதிரை. காலடியில அந்தப் பச்சைப் பை.

காது ரெண்டும் அடைச்சுப்போச்சு. ஜட்ஜ் ஏதோ கதைக்கிறார், எனக்கு ஒண்டும் ஏறேல்லை. மச்சாள் பிந்தி வந்து பக்கத்தில இருந்து, "என்ன மச்சாள், வேர்க்குது உங்களுக்கு?" எண்டா. "ஹீட்டரைக் கூட்டி வைச்சிருக்கினம்" எண்டன். அதுதான் நான் சொன்ன முதல் பொய்.

அண்டைக்கு மத்தியானம் பன்னிரண்டு பேரையும், தம்பி குற்றவாளியோ இல்லையோ எண்டு முடிவெடுக்க அறைக்குள்ள அனுப்பினவை. நாங்கள் வெளியில கதிரையில காத்துக்கொண்டு இருந்தம். பின்னேரம் மட்டும் ஒண்டுமில்லை. அடுத்த நாள் பத்தரை மணி போல எல்லாரையும் உள்ள வரச்சொன்னவை. ஜூரிமாரிட்ட இருந்து ஒரு கடதாசித் துண்டு வந்திருக்குது எண்டு ஜட்ஜ் வாசிச்சார். அறைக்குள்ள சத்தம் போடீனமாம், மேசையில அடிக்கினமாம், தங்களில ஒரு ஆளைக் கதைக்க விடீனமில்லையாம். ஆர் எழுதினது எண்டு பேர் இல்லை. ஜட்ஜ் ஜூரிமாரைக் கூப்பிட்டு, ஒருவர் சொல்லுறதை மற்றவர் பொறுமையாக் கேக்க வேணும், ஆரையும் நெருக்கக்கூடாது, ஆரும் தன்ர மனச்சாட்சியை விட்டுக்குடுக்கவும் கூடாது எண்டு சொன்னார். மெல்லிய குரல். பள்ளிக்கூட வாத்தியார் வகுப்புக்குச் சொல்லுறமாதிரித்தான் எனக்குப் பட்டது.

நான் அவவைப் பார்த்தன். கண் ரெண்டும் சிவந்து வீங்கியிருந்தது. பச்சைப் பைக்காரர் நேர பார்த்துக்கொண்டு இருந்தார், ஒரு சலனமும் இல்லை.

அப்ப நான் எழும்பிப் போய் எங்கட லோயரிட்டச் சொல்லியிருக்க வேணும். பஸ்ஸில ஒரு பிழை விட்டுட்டன் எண்டு ஒரு வசனம் காணும். அண்டைக்குச் சொல்லியிருந்தால் அந்த ஜூரியைக் கலைச்சு, புது ஆக்களை வைச்சுத் திரும்பத் தொடங்கியிருப்பினம். நான் மூச்சுக் காட்டேல்லை. என்னைப் பிடிப்பாங்கள் எண்டு பயம். நான் ஒரு ஸ்கூல் கிச்சினில வேலை, கவுன்சில் வேலை. பொலிஸ் பதிவு வந்தால் அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பிப்போடுவினம். அதோட, ஒண்டும் நடக்காது எண்டு என்னை நானே ஏமாத்திக்கொண்டும் இருந்தன்.

முடிவெடுக்கப் போன மூண்டாம் நாள் ஜட்ஜ் ஜூரிமாரைக் கூப்பிட்டு, பன்னிரண்டு பேரும் ஒத்துவரேல்லை எண்டால் இனிப் பத்துப் பேர் ஒத்துவந்தாலும் தான் ஏற்றுக்கொள்ளுவன் எண்டு சொல்லி அனுப்பினார். ஒரு மணித்தியாலம்கூட ஆகேல்லை. குற்றவாளி எண்டு வந்திட்டுது. எத்தினை பேர் எண்டு கேக்க, தலைமை ஜூரி சொன்னார், பத்துப் பேர் ஓம், ரெண்டு பேர் இல்லை. அது பகிரங்கமாச் சொன்னது, அதால எழுதுறன்.

தம்பி எங்களைப் பார்த்தான். அழேல்லை. கையை மட்டும் சின்னதா உயர்த்திக் காட்டிப்போட்டு, காவல்காரரோட கீழ இறங்கிப் போனான். பிறகு ஒரு நாள் தண்டனையைச் சொல்லிச்சினம், ஏழு வருசம். தீர்ப்பு வந்த அண்டைக்கு மச்சாள் கோர்ட் வாசலில என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதா. "அந்த ரெண்டு பேரில ஒராள் எங்கட மனுசியாத்தான் இருக்கும், என்ன மச்சாள்? அவ விட்டுக்குடுத்திருக்கமாட்டா, என்ன?" எண்டு திரும்பத் திரும்பக் கேட்டா. நான் ஓம் ஓம் எண்டன்.

அதுக்குப் பிறகு என்ர சீவியம் சீவியமில்லை. கதவுக்குள்ளால கடிதம் விழுற சத்தம் கேட்டாலே நெஞ்சு பக்கெண்டும். றோட்டில பச்சை நிறத்தில எவர் என்ன பையைக் கொழுவிக்கொண்டு வந்தாலும் நான் மற்றப் பக்கம் மாறிப்போவன். கிச்சினில ஒரு நாள் அவிச்ச உருளைக்கிழங்குத் தட்டை அப்பிடியே கீழ போட்டன், வாசலில பொலிஸ்காரி ஒருத்தி நிண்டதைக் கண்டு. அவ பிள்ளையளுக்கு றோட்டுக் கடக்கிறது எப்பிடி எண்டு சொல்லிக்குடுக்க வந்தவவாம். மறியலுக்குத் தம்பியைப் பார்க்கப் போனால் அவன் என்னைப் பார்த்துக் கேப்பான், "அக்கா, ஏன் இப்பிடி மெலிஞ்சுபோனாய்? நானெல்லோ மெலியவேணும்." பகிடி விடுறான். எனக்குச் சிரிக்க ஏலாது.

தண்டனை சொல்லி ஒரு மாதத்துக்குள்ள தம்பியின்ர லோயர் போன் எடுத்தா. சின்னப் பிள்ளை, முப்பது வயது இருக்கும், வெள்ளைக்காரி, ஆனால் நல்ல கெட்டிக்காரி. அவ என்னை மட்டும் வரச்சொன்னா. போனன். கதவைச் சாத்திப்போட்டுச் சொன்னா, ஜூரியில இருந்த ஒரு பெண் ஜட்ஜுக்குக் கடிதம் எழுதியிருக்கிறா எண்டு. தன்னைப் பயமுறுத்திக் குற்றவாளி எண்டு கை உயர்த்த வைச்சினம் எண்டு. அதை அப்பீல் கோர்ட் விசாரிக்கச் சொல்லியிருக்குது எண்டு.

"அந்தக் கடிதத்தில ஒரு விசயம் இருக்குது" எண்டா லோயர். "தம்பியின்ர சகோதரி பஸ்ஸில தன்னோட கதைச்சவ எண்டு எழுதியிருக்கிறா. அதை இன்னொரு ஜூரர் கண்டவராம். அவர் எல்லாத்தையும் இல்லை எண்டு சொல்லுறார். பஸ்ஸும் இல்லையாம், ஒரு கதையும் இல்லையாம். ஆனபடியால் ஒருவற்ற சொல்லுக்கு எதிரா மற்றவற்ற சொல்." சொல்லிப்போட்டுப் பேனையை மூடி மேசையில வைச்சா. நான் வாயைத் திறக்க முந்தி கையைக் காட்டி மறிச்சா. "இப்ப எனக்கு ஒண்டும் சொல்லவேண்டாம். நான் உங்கட தம்பியின்ர லோயர், உங்கட லோயர் இல்லை. நீங்கள் சொல்லப்போறது உங்களுக்கு ஆபத்தா இருக்கலாம். வேற ஒருவரைப் பிடிச்சுக் கதைச்சுப்போட்டு வாங்கோ."

வேற ஒருவரையும் பிடிச்சன். அவர் நேர விசயத்துக்கு வந்தார். நீங்கள் ஒண்டும் சொல்லவேணும் எண்டு சட்டம் இல்லை, சொன்னால் ஜூரியோட கதைச்ச குற்றத்துக்கு உங்களை விசாரிக்கலாம், மறியலும் வரலாம் எண்டார். சொல்லாட்டில் என்ன எண்டு கேட்டன். "உங்களுக்கு ஒண்டும் வராது" எண்டார். எனக்கு வராது. தம்பிக்கு ஏழு வருசம் அப்பிடியே நிக்கும். அந்த மன்னார் மனுசி பொய்க்காரி ஆவா.

வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், ரெண்டு நாள் நான் சொல்லாமல் விடுறது எண்டுதான் இருந்தன். மூண்டாம் நாள் வேலை முடிஞ்சு மச்சாளின்ர வீட்டை போனன். அவ மகளின்ர பள்ளிக்கூட உடுப்பை அயன் பண்ணிக்கொண்டு நிண்டா. "மச்சாள், நான்தான் அந்த மனுசியோட கதைச்சனான்" எண்டன். அவவுக்கு விளங்கேல்லை. முழுதையும் சொன்னன். பஸ், கேள்வி, பச்சைப் பை எல்லாம்.

அவ அயனை நிப்பாட்டி, வயரைச் சுத்தி வைச்சா. மெதுவாத்தான் சுத்தினா.

"தீர்ப்பு வந்த அண்டைக்கு என்னைக் கட்டிப்பிடிச்சு நிண்டனீங்களே, அப்பவும் உங்களுக்குத் தெரியுமோ?" எண்டு கேட்டா.

"ஓம்."

"இவ்வளவு நாளும் வந்து வந்து என்ர கையால சோறு வாங்கிச் சாப்பிட்டனீங்கள்."

உடுப்பை மடிச்சு மகளின்ர பைக்கு மேல வைச்சா.

"போய்ச் சொல்லுங்கோ" எண்டா. "உங்களைப் பிடிச்சு உள்ள போட்டாலும் பரவாயில்லை, போய்ச் சொல்லுங்கோ. என்ர பிள்ளைக்கு அப்பா வேணும்." கத்தேல்லை. கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பன், என்ர குணம் அது. அவ அப்பிடி மெல்லமாச் சொன்னதுதான் எனக்குத் தாங்கேலாமல் இருந்தது.

அப்பீல் கோர்ட்டுக்காக விசாரணை செய்யிறவையள் ரெண்டு பேர் வந்திருந்திச்சினம், ஒரு ஆம்பிளை, ஒரு பொம்பிளை. என்ர லோயர் பக்கத்தில. றெக்கோடரைப் போட்டினம். வைச்சிருந்த தண்ணியை ஒரே மூச்சில குடிச்சுப்போட்டுத் தொடங்கினன். எல்லாத்தையும் சொன்னன். பச்சைப் பை, படியில எந்த இடத்தில நிண்டவர், அவ எந்தத் தரிப்பில இறங்கினவ எண்டு. என்ன நோக்கத்தோட கதைச்சனீங்கள் எண்டு கேட்டினம். ஒரு நோக்கமும் இல்லை எண்டு சொல்ல வாய் எடுத்தன். பிறகு நிப்பாட்டினன். நோக்கம் இருந்ததுதான். எங்களை அவ சொந்தக்காரர்மாதிரி நினைக்கவேணும் எண்டு ஒரு ஆசை உள்ளுக்க இருந்தது. அதையும் சொன்னன். லோயர் கண்ணை மூடித் திறந்தார்.

"நீங்கள் என்ன கேட்டனீங்கள்?"

"ஊரில எவடம் எண்டு."

"அதுக்கு அவ என்ன சொன்னவ?"

"மன்னார்."

அந்தப் பொம்பிளை எழுத்துக் கூட்டி எழுதினா. பிறகு நிமிர்ந்து, "அதுக்கு என்ன அர்த்தம்?" எண்டு கேட்டா.

"அது ஒரு ஊர்" எண்டன். "அவ்வளவும்தான் நாங்கள் கதைச்சது."

அவை ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தினம். அந்த மனுசியும் தன்ர வாக்குமூலத்தில அதே சொல்லைத்தான் சொல்லியிருந்தவவாம். எனக்கு அது பிறகுதான் தெரியும். அந்த நேரம் அவை பார்த்த பார்வையில, சரி, இப்பவே விலங்கைப் போடப்போகினம் எண்டுதான் நினைச்சன்.

போடேல்லை. பிறகு பொலிசும் ஒருக்கா கூப்பிட்டு விசாரிச்சுப்போட்டு, முடிவு பிறகு வரும் எண்டு அனுப்பிச்சு. கிச்சினில கவுன்சில்காரர் என்னை வேலையால நிப்பாட்டி வைச்சினம். வீட்டில இருந்து கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தன்.

அப்பீல் கோர்ட்டில மூண்டு ஜட்ஜ். தம்பி கண்ணாடிக்குப் பின்னால இருந்தான், ஒரு வருசத்துக்குக் கிட்ட மறியலில இருந்த முகம். அந்த மனுசியின்ர கடிதத்தில ஒரு பகுதியை நடு ஜட்ஜ் வாசிச்சார். மூண்டாம் நாள் காலமை, அறைக்குள்ள போக முந்தி, லிப்ற்றுக்குப் பக்கத்தில பச்சைப் பைக்காரர் அவவை மறிச்சிருக்கிறார். "நீ அவன்ர சகோதரியோட பஸ்ஸில கதைச்சதை நான் கண்டனான். இண்டைக்கு எங்களோட கை உயர்த்து. இல்லாட்டில் ஜட்ஜுக்கு எழுதுவன், அவை உன்னை விலைக்கு வாங்கிப்போட்டினம் எண்டு. உன்னைத்தான் மறியலில போடுவினம்." அறைக்குள்ள அவ வாயைத் திறந்த ஒவ்வொரு முறையும், அவன் உன்ர ஆள், அதுதான் நீ இப்பிடி எண்டு சத்தம் போட்டினமாம். அவ எழுதியிருந்தா: நான் இந்த நாட்டுக்கு அகதியா வந்தவள், கோர்ட் எண்டாலே எனக்குப் பயம், பத்தாவது கை என்ர கை, அண்டையில இருந்து எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை.

பத்தாவது கை. அது இல்லாட்டில் ஒன்பது, ஒன்பது காணாது. மச்சாள் என்ர கையைப் பிடிச்சா. எங்கட ஆள் விட்டுக்குடுக்கமாட்டா எண்டு நம்பினவ அவதானே. விட்டுக்குடுக்க வைச்சது அந்தப் பச்சைப் பைக்காரர். அவற்ற கையில பொல்லை எடுத்துக் குடுத்தது நான்.

பயமுறுத்தினது அறைக்கு வெளியில, வெளியில நடந்த ஒரு விசயத்தை வைச்சு, அதை ரெண்டு சாட்சி ஒரேமாதிரிச் சொல்லுகினம், ஆனபடியால் இந்தத் தீர்ப்பை நம்ப ஏலாது எண்டு ஜட்ஜ்மார் சொல்லிச்சினம். தீர்ப்பை உடைச்சு, வழக்கைத் திரும்ப நடத்தச் சொல்லி, தம்பிக்குப் பெயில் குடுத்தினம். அவன் அண்டைக்குப் பின்னேரமே வீட்டை வந்தான். மகள் அவன்ர கழுத்தை விடேல்லை. நான் வாசலோட நிண்டன், மச்சாள் உள்ள வாங்கோ எண்டு சொல்லும் மட்டும். அவ சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்தது.

ரெண்டாவது வழக்குக்கு என்னை வரவேண்டாம் எண்டு எல்லா லோயர்மாரும் சொல்லிப்போட்டினம். நான் ஏன் போறன்? வழக்கு நடந்த அந்த ஒன்பது நாளும் நான் பஸ்ஸே ஏறேல்லை. புது ஜூரியில தமிழ் ஆக்கள் இருந்தவையோ எண்டு மச்சாளிட்ட நான் இண்டைவரைக்கும் கேக்கேல்லை. குற்றவாளி இல்லை எண்டு வந்தது. மச்சாள் போனில சொல்ல, நான் குசினிக்குள்ள நிலத்தில குந்தி இருந்து அழுதன். அதுக்குப் பிறகு ரெண்டு மாதத்தில எனக்கும் கடிதம் வந்தது, எச்சரிக்கையோட விடுகினம் எண்டு. கடிதத்தை நான் உடைக்கேல்லை, தம்பிதான் உடைச்சு வாசிச்சான். வேலையும் திரும்பக் கிடைச்சது. பச்சைப் பைக்காரருக்கு என்ன நடந்தது எண்டு தெரியாது. கேக்கவும்மாட்டன்.

போன மாசி மாதம், டூட்டிங்கில மீன் வாங்கப் போனன், சனிக்கிழமை காலமை. விளைமீன் நல்லாக் கிடந்தது, செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நிக்கிறன். பக்கத்தில ஒரு சாம்பல் கோட்டு வந்து நிண்டது. நான் நிமிரேல்லை. ஓரக் கண்ணால கழுத்துச் சங்கிலியையும் சிலுவையையும் கண்டன்.

அவவும் மீனைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டா. தோளுக்கு மேலால ஒருக்கா திரும்பிப் பார்த்தா. பிறகு, மீனுக்குச் சொல்லுறமாதிரி மெல்லமாக் கேட்டா, "அக்கா, நீங்கள் ஊரில எவடம்?"

அவ கேட்டதில கோவம் ஒண்டும் இல்லை. எங்களுக்குள்ள அண்டைக்குத் தொடங்கின கதையை விட்ட இடத்தில இருந்து தொடங்கப் பார்க்கிறா எண்டு விளங்கிச்சு. அவவிட்ட மன்னிப்புக் கேக்கவேணும் எண்டு எத்தினையோ நாள் வசனம் வசனமாச் சேர்த்து வைச்சிருந்தனான். அதை விட்டுப்போட்டு நானும் திரும்பி வாசலைப் பார்த்தன்.

"கொக்குவில்" எண்டன்.

அவ தலையாட்டினா. சிரிக்க வந்தா. மேல ஏதோ கேக்க வாய் எடுத்தா, எத்தினை பிள்ளையள் எண்டாக்கும். அந்த நேரம் கடைக் கதவு திறந்தது. தோளில பச்சைப் பையோட ஒருத்தர் உள்ள வந்தார். வேற ஆள், இளம் ஆள், கறிவேப்பிலை இருக்கோ எண்டு கேட்டுக்கொண்டு வாறார். ஆனால் நாங்கள் ரெண்டு பேரும் ஒரேயடியா வாயை மூடினம். அவ ஒரு பக்கம் போனா, நான் மற்றப் பக்கம் போனன். மீனை நான் வாங்கேல்லை.